நாக்கு வழிக்காமல் வரவும்

கல்யாணமாகி எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, காலையில் பாத்ரூமில் நின்று நாக்கு வழித்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் இதற்கென்று ஒரு சத்தம் உண்டு, உங்களுக்குத் தெரியும். அடித்தொண்டையில் கிளம்பித் தெருமுனை வரைக்கும் போகும். என் அப்பா நாக்கு வழிக்கிற சத்தத்தைக் கேட்டுத்தான் எதிர்வீட்டில் பால் காய்ச்சுவார்கள். நான் அப்பாவின் பிள்ளை.

கதவு படாரென்று திறந்தது. என் மனைவி யிங் நின்றாள். கையில் பிளாஸ்டிக் வாளி, முகத்தில் ரத்தமே இல்லை. புதுமாப்பிள்ளை குடலைக் கக்கிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்து ஓடி வந்திருக்கிறாள்.

வாயில் பேச இடமில்லாததால், வளைந்த செம்புத் தகட்டைத் தூக்கிக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் தாடையைப் பிடித்து, "நாக்கை நீட்டுங்க" என்றாள். அவளுடைய சீன மொழியில்தான். நீட்டினேன்.

"தினமும் செய்வீங்களா?"

"தினமும்."

"எப்பலேர்ந்து?"

"பல்லு முளைச்சதிலேர்ந்து."

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப உங்களுக்கு வியாதியே இல்லையா?" என்றாள். ஒரு நிமிஷம் கழித்துச் சிரிக்க ஆரம்பித்தவள், கண்ணில் தண்ணீர் வருகிற வரை நிறுத்தவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கல்யாணமான பெண்ணுக்கு என்னமோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் பயந்தேன்.

பேரிக்காய்

நான் துவாக்குடிப் பக்கம் ஒரு பாய்லர் பட்டறையில் வேலை பார்த்தபோது, புது மிஷின் பழக என்னைத் தென்சீனாவில் ஓர் ஆற்றங்கரை ஊருக்கு அனுப்பினார்கள் என்று முன்பே எழுதியிருக்கிறேன். போன இரண்டாவது மாதம் முதுகு பிடித்துக்கொண்டது. ஃபேக்டரிக்குப் பின்தெருவில் அக்குபங்சர் என்கிற ஊசி வைத்தியம் பார்க்கும் சின்ன க்ளினிக். அங்கே டாக்டர் யிங்.

அவர்கள் வைத்தியத்தில் நாக்குதான் முதல் சாட்சி. நாடி பிடிப்பதற்கு முன் நாக்கைப் பார்ப்பார்கள். நல்ல நாக்கில் மெல்லிய வெள்ளைப் படலம் ஒன்று இருக்க வேண்டும். படலமே இல்லாமல் சிவந்து கிடந்தால், உள்ளுக்குள் ஈரமெல்லாம் வற்றிவிட்டது, ஆள் நாளாக நாளாகக் காய்ந்து போவான் என்று அர்த்தமாம்.

என் நாக்கு எப்படி இருந்திருக்கும்? ஆறு மணிக்கே சுரண்டிப் பளபளவென்று வைத்திருந்தேன்.

முதுகுக்கு ஊசி போட்டது நான்கு நாள். அதற்கப்புறம் மூன்று மாதம் தினமும் சாயங்காலம், கற்கண்டு போட்டு வேகவைத்த பேரிக்காயை ஒரு ஃபிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டு என் ரூம் வாசலுக்கு வந்தாள். நான் என் முகவெட்டுக்காகத்தான் வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளவும் செய்தேன். அவளோ, பெற்றவர்களை விட்டுத் தனியாக வந்த ஒரு வெளிநாட்டுக்காரன் காய்ந்து சாகப் போகிறானே என்று பரிதாபப்பட்டு, உள்ளே ஈரம் ஊறுவதற்காகப் பேரிக்காய் கொண்டுவந்திருக்கிறாள்.

"சீக்கிரம் செத்துடுவார்னு நினைச்சுத்தான் கல்யாணத்துக்குச் சரின்னு சொன்னேன்" என்று பின்னாளில் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லுவாள். திருச்சிக்கு வந்து நல்ல தமிழ் கற்றுக்கொண்டு அதைச் சொல்லுவாள். எங்கள் சித்தப்பா ஒவ்வொரு தடவையும் புரையேறச் சிரிப்பார்.

திருச்சி நாக்குகள்

மன்னார்புரத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் க்ளினிக். ஆரம்பத்தில் நான்தான் மொழிபெயர்ப்பாளர். பட்டறையில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு காலையில் உட்காருவேன்.

விஷயம் தெரிந்தவள் என்பதால் முதல் நாளே என்னை ஒரு போர்டு எழுதி மாட்டச் சொன்னாள்: 'நாக்கு வழிக்காமல் வரவும்.' எழுதினேன். அந்தத் தெருவில் போன பாதிப் பேர் நின்று படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். மீதிப் பேர் முகம் சுளித்தார்கள்.

வந்தவர்களும் கேட்கவில்லை. நம் ஆட்களுக்கு டாக்டர் வீடும் கோயில் மாதிரிதான். குளித்து, திருநீறோ திருமண்ணோ இட்டு, இருக்கிறதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார்கள். அழுக்கு நாக்கோடு ஒரு பெண்பிள்ளை முன்னால் வாயைத் திறப்பதா? எப்போதும் ஒரு தடவை வழிக்கிறவர்கள், யிங்கிடம் வரும் நாளில் இரண்டு தடவை வழித்துக்கொண்டு வந்தார்கள். தவிர, நம் ஊரில் நாக்கை நீட்டுவது பழிப்புக் காட்டுகிற வேலை. பெரிய மனிதர்கள் பாதி நீட்டி, வெட்கப்பட்டு உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிற செல்லமுத்து என்று ஒருவர். தோள்பட்டை வலி. அவர் மட்டும் சொன்னபடி வந்தார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு மூன்றடி தள்ளியே நின்றார்.

"பல்லு மட்டும் வெளக்கிட்டு வந்தேங்கம்மா. நாக்க வழிக்கலன்னா காப்பி கெடையாதுன்னு வீட்ல ஒரே சண்டை."

யிங் அவர் நாக்கை டார்ச் அடித்துப் பார்த்தாள். புதையல் கிடைத்தவள் மாதிரி என்னைக் கூப்பிட்டு, "பாருங்க, படலம் பாருங்க" என்று காட்டினாள். மனுஷர் கூச்சத்தில் நெளிந்துபோனார்.

ஒரே ஒருவரை வைத்துக்கொண்டு வைத்தியம் நடக்குமா? கடைசியில் அவள்தான் வளைந்து கொடுத்தாள். போர்டைக் கழற்றிவிட்டு, கேள்வியை மாற்றினாள். "காலைல வழிச்சப்ப டங் க்ளீனர்ல என்ன வந்துச்சு? வெள்ளையா, மஞ்சளா? கெட்டியா, தண்ணியா?"

இதற்கு நம் மக்கள் பதில் சொன்ன அழகைப் பார்க்க வேண்டும்! கூச்சமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. துறையூரிலிருந்து வந்த ஒரு விவசாயி, ஒரு வாரத்துக்கான நிறங்களைக் கிழமை வாரியாகச் சொன்னார். யிங் எல்லாவற்றையும் அவள் எழுத்தில் குறித்துக்கொண்டாள். நாக்கைப் பார்ப்பதற்குப் பதில் நாக்கு வழிப்பானை விசாரித்து வைத்தியம் பார்த்தவள், எனக்குத் தெரிந்து உலகத்திலேயே இவள் ஒருத்திதான்.

தயிரும் கையும்

நாக்கில் விட்டுக்கொடுத்தவள் தயிரில் பிடிவாதம் பிடித்தாள். குளிர்ந்தது, பச்சையானது எதுவும் வயிற்றுக்கு ஆகாது என்பது அவர்கள் பாடம். சித்திரை வெயிலிலும் வெந்நீர் குடிப்பாள். பார்க்கிற நமக்கு வியர்க்கும். வந்தவர்களையெல்லாம் தயிர்சாதத்தை நிறுத்தச் சொன்னாள். க்ளினிக்கில் ஈ ஓட்ட வேண்டியதாகிவிட்டது.

அந்த வருஷக் கத்திரியில் ஒரு மத்தியானம் கரண்ட் போய்விட்டது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து, மாவடு கடித்துக்கொண்டு, பாத்திரத்திலிருந்தே தயிர்சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. "இந்த ஊர் உடம்புக்கு இது வேணும். புத்தகம் எழுதினவங்க திருச்சிக்கு வந்ததில்லை" என்றாள்.

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் குளித்துவிட்டு வருபவர்கள் முதுகில், வலியை இழுக்க அவள் ஒட்டவைக்கிற கண்ணாடிக் குவளை நிற்காமல் வழுக்கியது. அந்தக் கிழமைக்கு வேறு வைத்தியம் வைத்தாள். கண்ணாடி வளையலுக்குக் கீழே நாடி கிடைக்காத பெண்களுக்கு, வளையலை முழங்கை வரை ஏற்றிச் செருகப் பழகினாள். கழற்றச் சொல்லக் கூடாது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து அவளாகவே தெரிந்துகொண்டாள்.

வலிக்கிற இடத்தில் சூடு காட்டுவதற்கு அவள் ஊரில் ஒரு மூலிகையைத் திரியாகச் சுருட்டிக் கொளுத்துவார்கள். அது தீர்ந்தபோது, ஸ்ரீரங்கம் பூக்கடையில் மாலைக்கு வைத்துக் கட்டுகிற மாசிப்பச்சையை முகர்ந்து பார்த்து, "இது எங்க செடிக்குச் சித்தி பொண்ணு" என்று ஒரு கூடை வாங்கி வந்து மொட்டைமாடியில் காயப்போட்டாள். அந்தப் புகை எங்கள் வீட்டுத் திரைச்சீலை, தலையணை எல்லாவற்றிலும் ஏறியது. பெண் பிறந்தபோது குழந்தையின் தலையில்கூட அந்த வாசனைதான்.

ஊசியும் லேசாகிவிட்டது. அவள் ஊரில் ஊசி இறங்கினால் சுள்ளென்று கனத்து வலிக்க வேண்டும், அப்போதுதான் வைத்தியம் பலித்தது என்று நம்புவார்கள். இங்கே அப்படிப் போட்டால் "ஐயோ அம்மா" என்று எழுந்து ஓடுவார்கள். முடி மாதிரி மெல்லிய ஊசி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே, தெரியாமல் ஏற்றுகிற கை. அந்தக் கைக்குத்தான் இருபது வருஷமாக ஆட்கள் வந்தார்கள்.

மூன்று வருஷம்

இப்போது அந்த முன்னறை பூட்டிக் கிடக்கிறது. யிங் அவள் ஊருக்குப் போய் மூன்று வருஷமாகிறது.

அவளுக்கு அம்மா சின்ன வயதிலேயே இல்லை. அப்பா மட்டும்தான். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இவள் ஒரே பெண். கல்யாணத்தன்று என்னைத் தனியாகக் கூட்டிப்போய் ஒரு சிகரெட் கொடுத்தார். நான் பிடிப்பதில்லை என்று சொல்லத் துணிவில்லாமல் வாங்கிக்கொண்டேன். "கூட்டிட்டுப் போங்க. எனக்கு முடியாம போனா மட்டும் அனுப்பி வைங்க" என்றார். "அனுப்பறேன்" என்றேன். அவருக்கு அப்போது அறுபதுகூட ஆகவில்லை. சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. செய்தி வந்த அன்று யிங் பெட்டி எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். நான்தான் பரண்மேல் ஏறிப் பெட்டியை இறக்கினேன்.

நீங்களும் அங்கே போய் இருக்கலாமே என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். போன கோடையில் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஒரு மாதம் இருந்தோம். விசா அவ்வளவுதான். பெண் ப்ளஸ் டூ. அவரை இங்கே கூட்டி வந்துவிடலாமே என்றும் கேட்கிறார்கள். கழுத்தில் குழாயோடு இருக்கிற மனுஷரை எந்த விமானத்தில் ஏற்றுவது?

நாங்கள் போனபோது அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். இடது கையால் தலையணைக்கடியில் துழாவி, வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். அவரால் கடலை மெல்ல முடியாது. எனக்குப் பிடிக்கும் என்று யாரிடமோ ஜாடை காட்டி வாங்கி வைத்திருக்கிறார்.

யிங் தினமும் அவருக்கு ஊசி போடுகிறாள். அக்கம்பக்கத்தாரும் வருகிறார்கள். ஆனால் நிலைப்பதில்லை. "என் கை இவங்களுக்குப் பத்தலையாம். ஊசி போட்டதே தெரியலங்கறாங்க" என்று ஃபோனில் சொன்னாள். "பிறந்த ஊர்ல எனக்கு வைத்தியம் தெரியாதுன்னு பேர் வாங்கிட்டேன். திருச்சிக்காரங்களுக்குத்தான் நான் டாக்டர்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். 

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எனக்கு அவள் வேண்டும். சமையலறையில் அவள் வெந்நீர் ஃபிளாஸ்க்கைத் திறக்கிற சத்தம் வேண்டும். மாசிப்பச்சை வாசனை தலையணையிலிருந்து போய்விடக் கூடாதென்று அந்த உறையைத் துவைக்கப் போடாமல் வைத்திருக்கிறேன். பெண் திட்டுகிறாள்.

மாமியின் வேண்டுதல்

வேதவல்லி மாமி ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிக்காரர். முழங்கால் வலிக்காகப் பல வருஷம் யிங்கிடம் வந்தவர். பெருமாளுக்குத் தளிகை, அதாவது நைவேத்தியச் சமையல், பண்ணி முடிக்கும் வரை யாரும் தொடக் கூடாதென்று, மத்தியானம் இரண்டு மணிக்குமேல்தான் நாடியைக் கொடுப்பார். யிங்கும் அவருக்காக இரண்டு மணி வரை சாப்பிடாமல் காத்திருப்பாள்.

போன மாதம் ஒரு வேலையாக ஸ்ரீரங்கம் போனபோது, தாயார் சன்னதிப் பக்கம் மாமியைப் பார்த்தேன். கம்பு ஊன்றியிருந்தார்.

"ஏன் சார், அந்தப் பொண்ணு எப்போ வரா?"

"வருவா மாமி."

"நானும் வெள்ளிக்கிழமை தவறாம தாயார்ட்ட வேண்டிண்டிருக்கேன். சீக்கிரம் திரும்பி வரணும், சீக்கிரம் திரும்பி வரணும்னு. மூணு வருஷமாச்சு, இன்னும் காது கொடுக்க மாட்டேங்கறாளே தாயார்!"

பேசாமல் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். என்னமோ அன்றைக்கு முடியவில்லை.

"மாமி, அப்படி வேண்டிக்காதீங்க."

"ஏன்?"

"அவ அப்பா இருக்கற வரைக்கும் அவ வர முடியாது. வந்தான்னா, அவர் போயிட்டார்னு அர்த்தம்."

மாமி கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைக் கூப்பிக்கொண்டு சன்னதிப் பக்கம் திரும்பினார்.  "அபசாரம், அபசாரம். தெரியாம பண்ணிட்டேன் தாயே" என்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.  மாமியாவது தெரியாமல் வேண்டினார். நான் மூன்று வருஷமாகத் தெரிந்தே வேண்டிக்கொண்டிருக்கிறேன். 'அவள் வரணும்' என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அதற்குப் பின்னால் இருக்கிற பாதியைச் சாமியே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன்.

"அவருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிடலாம், வாங்கோ" என்றார் மாமி. "பேர் என்ன?"

"லியாங்."

"நட்சத்திரம்?"

அங்கேயே நின்று யிங்குக்கு ஃபோன் செய்தேன். அவள் அப்பாவின் காதருகே குனிந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் தலையசைத்ததைப் பார்த்துவிட்டு, "குளிர்காலம், எங்க கணக்குல பன்றி வருஷம், அவ்வளவுதான் தெரியும்" என்றாள். மாமி யோசித்தார். "பரவால்ல. தெரியலேன்னா பெருமாள் நட்சத்திரமே சொல்லிடலாம். ரேவதி."

பட்டர் பேரைக் கேட்டு ஒரு கணம் நின்றார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு தடங்கலில்லாமல், ரேவதி நட்சத்திரத்தில் பிறந்த லியாங் என்கிறவருக்கு ஆயுளும் ஆரோக்கியமும் கேட்டார். குங்குமத்தைக் கொடுத்துவிட்டு, "வேற பேர் சொல்லணுமா? ஆத்துக்காரி, கொழந்தைகள்?" என்றார்.

மாமி என்னைப் பார்த்தார்.

"அவர் மட்டும் போதும் சாமி" என்றேன்.

வெளியே வந்து கோபுர நிழலில் நின்று யிங்கை மறுபடி கூப்பிட்டேன். வீடியோவில் வந்தாள். என்ன கேட்டோம் என்று சொன்னேன். அவர் நூறு வயது இருக்கணும் என்று கேட்டோம் என்றேன்.  நெற்றியில் நரைத்த முடி விழுந்திருந்தது, அதைத் தள்ளாமல் என்னையே பார்த்தாள்.

"மனசாரக் கேட்டீங்களா?" என்றாள் தமிழில்.

பொய் சொல்லத் தோன்றவில்லை. "பாதி மனசா" என்றேன்.

"நானும் தினமும் பாதி மனசோடதான் ஊசி எடுக்கறேன்" என்றாள். "கையில வந்த பிறகு முழு மனசா போட்டுடறேன்."

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. அவர் இடது கையால் கம்பியைத் தட்டிக் கூப்பிட்டார். "இருங்க, அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கணும்" என்று ஃபோனை மேஜைமேல் சாய்த்துவிட்டுப் போனாள். வெறும் சுவர்தான் தெரிந்தது. நான் ஃபோனை வைக்காமல், அவள் அவரோடு பேசுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றிருந்தேன்.